வெடியில்லாத தீபாவளி

செட்டிநாடு என்றதும் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்தச் சீமையின் சரித்திரத்தை என்னை எழுதச் சொன்னால், அங்கே கேட்காத ஒரு சத்தத்தைப் பற்றித்தான் முதலில் எழுதுவேன்.

காரைக்குடிக்கு மேற்கே, மதுரை போகும் வழியில், திருப்பத்தூர் தாலுகாவில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று இரண்டு ஊர்கள். ஐப்பசி மழையில் அங்குள்ள கண்மாய்கள் பெருகியதும் நத்தைகுத்தி நாரையும், வக்காவும், உண்ணிக்கொக்கும் கருவேல மரங்களில் கூடு கட்ட வந்துவிடும். தீபாவளியும் ஐப்பசியில்தானே வருகிறது? வெடிச் சத்தம் கேட்டுத் தாய்ப் பறவை விருட்டென்று எழுந்தால் முட்டை உருண்டு விழும், குஞ்சும் விழும். ஆகவே அந்த ஊர்களில் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்குங்கூடக் கிடையாது.

வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1977-ல் மூன்று கண்மாய்களைச் சேர்த்து 38.4 ஹெக்டேரைப் பறவைச் சரணாலயம் ஆக்கினார்கள். சட்டம் வேட்டைக்காரனின் துப்பாக்கியைத் தடுக்கும். குழந்தை கையிலுள்ள ஓலைவெடியை அதன் தாய்தான் தடுக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. வேடந்தாங்கலில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுத் தடை உத்தரவு வாங்கினார்கள். கலெக்டரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. முறையிட்ட குடியானவரின் பெயரை யார் அறிவார்?

பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அப்படியானால் இதில் சுயநலமும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டுமே! லாபம் வயல்காரருக்கு; நஷ்டம் அவர் வீட்டுக் குழந்தைக்கல்லவா? பக்கத்து ஊர் வானத்தில் பூ மலர்வதைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டி நிற்பது அதுதான்.

இப்போதெல்லாம் படித்த இளைஞர்கள் விடியற்காலையில் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு கண்மாய்க் கரைகளில் நிற்கிறார்கள். சம்பளமில்லாமல் பறவைகளை எண்ணுகிறார்கள். 2015 முதல் பொங்கலுக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவர்கள் எண்ணுவதற்கு அங்கே குஞ்சு இருக்கிறதென்றால், அதற்கு முன்பே ஒரு தொண்டர் தம் வேலையை முடித்துவிட்டார் என்று பொருள். அவருக்கு வயது ஏழோ எட்டோ இருக்கும்.

தீபாவளிக்கு வனத்துறையார் அந்தக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பதுண்டு. விலையாக நினைத்துக் கொடுத்தால் அது மிகவும் சொற்பம். நன்றியாகக் கொடுத்தால் சரி.