முழங்கால் எலும்பின் ஊமைக்காயம்: கண்டறியப்பட்ட வரலாறு

எலும்பின் ஊமைக்காயம் அல்லது எலும்புக் கன்றல் என்பது, எலும்பின் புற ஓடு உடையாமல், உள்ளேயுள்ள பஞ்சு போன்ற பகுதியில் நுண்முறிவுகளும் இரத்தக்கசிவும் நீர்க்கோவையும் உண்டாகும் நிலையாகும். மக்கள் வழக்கில் 'ஜவ்வு கிழிதல்' எனப்படும் முன் சிலுவைத் தசைநார்க் காயத்துடன் இது பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகிறது.

எக்ஸ் கதிரின் எல்லை

1895ஆம் ஆண்டு ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பின், எலும்பு முறிவைப் படம்பிடிப்பது எளிதாயிற்று. ஆனால் அப்படம் சுண்ணாம்புச் சத்துள்ள கடினப் பகுதியையே தெளிவாகக் காட்டும். மஜ்ஜையில் ஊறிய இரத்தத்தையும் நீரையும் காட்டாது. ஆகவே வலியால் காலை ஊன்ற முடியாதவரின் படத்திலும் எலும்பு நலமாகவே தோன்றியது.

காந்த அதிர்வுப் படம்

1973இல் பால் லாட்டர்பர் காந்த அதிர்வு முறையில் பெற்ற முதல் படத்தை வெளியிட்டார். 1980களில் எம்.ஆர்.ஐ. கருவி மருத்துவமனைகளுக்கு வந்தது. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படங்களில், நீர் கோத்த மஜ்ஜை வெண்மையாகப் பளிச்சிட்டது. 1988இல் யாவ், லீ ஆகியோரும், 1989இல் மிங்க், டாய்ச் ஆகியோரும் 'ரேடியாலஜி' இதழில் இக்காயங்களை விவரித்தனர். அவை உண்மையான எலும்புச் சேதமே என்பதற்கு 1998இல் திசுச் சான்று கிடைத்தது. ராங்கர் குழுவினர் 5 நேர்வுகளை ஆராய்ந்து, நுண்முறிவுகளையும் இரத்தக்கசிவையும் கண்டனர்.

காயத்தின் தடம்

தசைநார் அறுபடும் நொடியில் கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவித் திரும்புகிறது. அப்போது தொடை எலும்பின் வெளிப்புறக் குமிழ், கீழ்க்கால் எலும்பின் பின்வெளி விளிம்பில் மோதுகிறது. இவ்விரு இடங்களிலும் கன்றல் இருந்தால், விபத்து நிகழ்ந்த விதத்தையே மருத்துவர் ஊகிக்க இயலும்.

ஆறும் விதம்

கசிந்த இரத்தமும் நீரும் மெல்ல உறிஞ்சப்படுகின்றன. நுண்முறிவுகளில் புதிய எலும்பு வளர்கிறது. பெரும்பாலானவை சில மாதங்களில் மறையும். பெரியவை ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம். ஓய்வும், காலில் ஏறும் பாரத்தைக் குறைப்பதும், படிப்படியான உடற்பயிற்சியுமே முதன்மைச் சிகிச்சை.

படத்தில் வெண்மை மறைந்துவிட்டாலும், மோதலில் நசுங்கிய குருத்தெலும்பு முழுமையாக மீள்வதில்லை. இதற்கும் பிற்கால மூட்டுத் தேய்மானத்திற்கும் உள்ள தொடர்பு இன்றும் ஆராயப்படுகிறது. எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக இருந்தும் நோயாளி வலி என்றால், அதைப் பொய்யென ஒதுக்கலாகாது என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.