அபாயச் சங்கிலியும் அவசரப் பொத்தானும்

ஓடும் ரயிலில் ஆபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்தும் முடிவு யாருடையது? இவ்வினாவிற்கு வரலாறு இருவேறு விடைகளைத் தந்திருப்பதை நாம் காண்கிறோம். 1864இல் இலண்டன் ரயிலொன்றில் தாமஸ் பிரிக்ஸ் என்பவர் கொலையுண்டார். பெட்டியிலிருந்து ஊழியரை அழைக்க அன்று வழியில்லை. 1868ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம், நில்லாது 20 மைலுக்கு மேல் செல்லும் பயணி ரயில்களில் அவ்வழியைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் அபாயச் சங்கிலி நிலைபெற்றது. முன்பு அதனை இழுத்தால் குழாயின் வெற்றிடம் குலைந்து பிரேக் இயங்கியது. காரணத்தை ஓட்டுநர் பின்னரே அறிவார். தக்க காரணமின்றி அதனைப் பயன்படுத்துவோர்க்கு 1890ஆம் ஆண்டுச் சட்டம் 50 ரூபாய் வரை தண்டம் விதித்தது.

சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில்பாதை 1903இல் திறக்கப்பெற்றது. கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையம் 1996இல் திறக்கப்பெற்றது. இந்நிலையத்தின் வழியே செல்லும் வண்டிகளிலுள்ள அவசரப் பொத்தான், பயணியை ஓட்டுநரோடு பேசவைக்கிறது. சுரங்கத்திலோ உயர்பாதையிலோ நின்ற வண்டியை உதவி எளிதில் எட்டாது. ஆதலின் ஓட்டுநர் செய்தியைக் கேட்டறிந்து, அடுத்த நிலையத்தில் உதவி கிடைக்க ஏற்பாடு செய்து, அங்குவரை வண்டியைச் செலுத்துகிறார்.

சங்கிலிக்குக் கைவலிமை போதும்; பொத்தானுக்கோ மொழி வேண்டும். நான்கு ஆட்சிமொழிகள் வழங்கும் நாட்டில், பதற்றத்தில் தமிழ் மட்டுமே நாவில் எழும் முதியவரின் சொல் ஓட்டுநருக்கு விளங்குமா என்பது நாம் எண்ணிப்பார்க்கத்தக்கது.