ஒரு வழிக் கதவு

என் மருமான் மின்சாரப் படிப்புப் படித்தவன். ஒரு நாள் அவன் அறைக்குள் நுழைந்தபோது கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மேஜைமீது ஒரு டிரான்ஸிஸ்டர் பிளந்து கிடந்தது. அதன் சில்லு ஒன்று அவன் காதோரமாகப் பறந்து சுவரில் பட்டுத் தெறித்ததாம். கண்ணில் பட்டிருந்தால்? என் தமக்கை அடுக்களையில் இருந்தாள், ஆகையால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னடா தப்பு?" என்று கேட்டேன்.

"கதவு தப்பு, மாமா. ஒரு வழிக் கதவு."

200 வோல்ட் நேர் மின்சாரத்தை 400 வோல்டாக உயர்த்தும் பெட்டி ஒன்றை அவன் செய்துகொண்டிருந்தான். தத்துவம் எளிதுதான். ஒரு கம்பிச் சுருளில் மின்சாரத்தை ஓடவிட்டு, டிரான்ஸிஸ்டரால் சட்டென்று வழியை அடைத்தால், சுருள் பிடிவாதக் குழந்தை மாதிரி வோல்டை ஏற்றிக்கொண்டு வேறு வழியாகப் பாயும். அந்த வேறு வழியில் நிற்கும் கதவுதான் டையோடு. போக விடும், திரும்ப விடாது. நொடிக்கு 60,000 தடவை இந்தக் கூத்து நடக்கிறது.

அவன் போட்ட டையோடு 600 வோல்ட் தாங்கும், 30 ஆம்பியரும் தாங்கும். பின் என்ன குறை? அது வீட்டு மின்சாரத்துக்கு, நொடிக்கு 50 தடவை வேலை செய்வதற்காகப் பிறந்தது. நிதானப் பிரகிருதி. மூடு என்றால் உடனே மூடாது. உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிகிற வரையில் திறந்தே கிடக்கும். அந்தக் கண நேரத்தில் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து டிரான்ஸிஸ்டர்மேல் விழும். குற்றம் ஒருவருடையது, சாவு இன்னொருவருக்கு!

கதவின் பூர்வீகத்தைத் தேடப் புகுந்தேன். கதை எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேலை? சில தாதுப் படிகங்கள் மின்சாரத்தை ஒரு பக்கமாகவே விடுகின்றன என்று ஜெர்மானியர் பெர்டினான்ட் பிரவுன் 1874-லேயே கண்டுவிட்டார். ஆனால் பெரிய மின்சாரத்துக்கு முதலில் கை கொடுத்தது பாதரசம். அமெரிக்கரான பீட்டர் கூப்பர் ஹியூவிட் 1902-ல் செய்த கண்ணாடிக் குடுவையின் அடியில் பாதரசம் தளும்பும். ஊதா ஒளி துள்ளும். பார்க்க அழகு, நம்பத்தான் முடியாது. வோல்ட் ஏறினால் திடீரென்று வில் தலைகீழாகப் பற்றிக்கொள்ளும். மருமானின் மேஜைமேல் நடந்ததற்கு இது ஒரு பாட்டனார் என்று சொல்லலாம்.

இந்தப் பின்பாய்ச்சலோடு மல்லுக்கட்டியவர் ஸ்வீடனின் ஊனோ லாம். குடுவைக்குள் நடுநடுவே மின்வாய்களை நிறுத்தி, பெரிய வோல்டைப் படிப்படியாகப் பங்கிட்டுவிடலாம் என்று 1929-ல் யோசனை சொன்னார். அந்த யோசனை பலிக்க 25 வருஷம் ஆயிற்று! எத்தனை வால்வுகள் பாழாயினவோ! 1954-ல் ஸ்வீடன் கரையிலிருந்து காட்லாந்து தீவுக்குக் கடலடியில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கேபிள் வழியாக, ஒரு லட்சம் வோல்டில், 20 மெகாவாட் போய்ச் சேர்ந்தது. 1970-ல் அதே காட்லாந்தில் சிலிகான் தைரிஸ்டர்களும் சேர்ந்துகொண்டன. பாதரசத்துக்கு அந்திக் காலம் வந்தது. ஆனாலும் அது லேசில் போகவில்லை. நியூஸீலாந்தில் 1965-ல் வைத்தவை 2012 வரையில் உழைத்தன.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கார்போரண்டம் சமாச்சாரம்தான். சாணைக்கல்லிலும் உப்புக் காகிதத்திலும் இருக்கிறதே, அதேதான். சிலிகான் கார்பைடு என்பது அதன் ரசாயனப் பெயர். 1906-ல் டன்வுடி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி அதன் துண்டு ஒன்றைக் கொண்டு ரேடியோ அலைகளைப் பிடித்தார். பிறகு வால்வு வந்தது. கல் பழையபடி கத்தி தீட்டப் போய்விட்டது. 2001-ல் ஜெர்மனியின் இன்பினியான் கம்பெனி அதே பொருளில் ஷாட்கி வகை டையோடு செய்து கடைக்கு அனுப்பியது. அதில் மின்னூட்டம் தேங்குவதில்லை. மூடு என்றால் மூடுகிறது. போகிற மின்சாரத்திடம் சற்று அதிகமாகச் சுங்கம் வாங்குகிறது, விலையும் அதிகம். இருந்தாலும் 400 வோல்ட் வேலைக்கு இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மருமான் அதையே வாங்கி வந்தான். நான் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். பெட்டி ஓடியது. அரை மணிக்குப் பிறகு அணைத்துவிட்டு, டிரான்ஸிஸ்டரின் அலுமினியத் தகட்டைத் தொட்டுப் பார்த்தான், இளஞ்சூடுதான்.

"இனி இந்தக் கதவே வேண்டாம், மாமா. அந்த இடத்தில் இன்னொரு டிரான்ஸிஸ்டரை வைத்து..." என்று ஆரம்பித்தான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.