வெள்ளம் வடியும் வரை: புழல் உபரிநீர்ப் பாதையில் சூரிய மின்சாரமும் பேட்டரியும்

புழல் ஏரியின் மதகு திறக்கப்படும்போதெல்லாம் அரசின் எச்சரிக்கையில் அதே ஊர்கள் இடம்பெறும்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம். 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரியின் உபரிநீர் இவ்வழியாகவே எண்ணூர் நோக்கிப் போகிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் நிற்கும் இதே வட்டாரம்தான் பெருமழையில் இருளில் மூழ்குகிறது. மின் உற்பத்தி எவ்வளவு அருகில் இருந்தாலும், வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பி அறுந்தால் பயனில்லை.

அந்தக் கம்பி இரண்டு விதமாக அறுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேறு விதம். அது 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முன்பே சென்னையை மழையால் மூழ்கடித்திருந்தது. தெருவோர மின்விநியோகப் பெட்டிகள் (பில்லர் பாக்ஸ்) நீரில் நின்றால், யாரும் மின்சாரம் தாக்கி இறக்கக்கூடாதென்று மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்தும். அது சரியான முடிவு. ஆனால் மழை ஓய்ந்த பின்னும், தண்ணீர் வடியும் வரை இருட்டு நீடிக்கும். வர்தாவிலும் சரி, மிக்ஜாமிலும் சரி, புயலைவிட மின்தடைக்கே ஆயுள் அதிகம். "புயல் நாளில் வெயில் ஏது?" என்ற வழக்கமான ஆட்சேபம் இந்த இடத்தில்தான் வலுவிழக்கிறது. வெயில் வேண்டியது புயலுக்குப் பிந்தைய நாட்களில். அதுவரை தாங்குவது பேட்டரியின் வேலை.

நம் திட்டங்கள் இந்த வேலையைக் கவனிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதில் பெரும்பாலானவை மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்புகள். கம்பியில் மின்சாரம் நின்றதும் இவ்வகை இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். பழுது பார்க்கும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் பளிச்சென்று வெயிலடிக்க, மேலே பேனல்கள் கிடக்க, கீழே விளக்கெரியாத வீடு இருப்பதற்கு இதுவே காரணம். கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு பேட்டரியோடு தனித்து இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருந்தால் லைன்மேனுக்கும் ஆபத்தில்லை, வீட்டிலும் விளக்கெரியும்.

எல்லா வீட்டுக்கும் அதைத் தர வேண்டும் என்பது என் வாதமன்று. மக்கள் தஞ்சம் புகும் பள்ளிகள், சமுதாயக் கூடங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு முதலில் தர வேண்டும். ஒரு பள்ளி முகாமைக் கணக்கிடுவோம். 10 வாட் விளக்குகள் இருபது, பத்து மணி நேரம் எரிய 2 யூனிட். நூறு கைபேசிகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை. அரைக் குதிரைத்திறன் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடி மேல்நிலைத் தொட்டியை நிரப்ப ஏறத்தாழ ஒரு யூனிட். மருந்து வைக்கும் குளிர்பதனப் பெட்டிக்கு ஒன்று. மொத்தம் ஏறத்தாழ ஐந்தரை. சென்னையில் 5 கிலோவாட் பேனல் வழக்கமான நாளில் 20 யூனிட் தருகிறது. மேகமூட்டத்தில் அதில் கால் பங்கே வந்தாலும் பெரும்பகுதித் தேவை தீர்ந்துவிடும். 10 யூனிட் பேட்டரி, வெயிலே இல்லாத ஒன்றரை நாளைத் தாங்கும். சமையலும் அறைக் குளிர்சாதனமும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் கணக்கு உடைந்துவிடும்.

டீசல் ஜெனரேட்டர் போதாதா? ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் தரைத்தளத்திலோ அதற்கும் கீழோ இருக்கின்றன. தண்ணீர் புகுந்தால் அவையும் நின்றுவிடும். தெரு மூழ்கினால் டீசல் வண்டியும் வராது. அதே தவறு பேட்டரியிலும் நேரலாம். அதை முதல் மாடியில் வைக்க வேண்டும். பேனல் சட்டகத்தைப் புயல் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டே பொருத்த வேண்டும்.

பியூர்டோ ரிக்கோவின் அட்ஜுன்டாஸ் ஊரில் காசா புவெப்லோ என்ற சமூக மையம் 1999 முதலே சூரிய மின்சாரத்தில் இயங்கியது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தீவையே இருளாக்கியபோது, சுவாசக் கருவிகளுக்கு மின்சாரம் தேடி மக்கள் அங்கே வந்தார்கள். அந்த அமைப்பு தினமும் பயன்பாட்டில் இருந்தது. பேரிடருக்கென்று பூட்டி வைத்த பேட்டரி, தேவைப்படும் நாளில் செத்துக் கிடக்கும். ஆகவே புழல் வட்டாரப் பள்ளியின் மின்விசிறிகள் ஆண்டு முழுவதும் அதே பேட்டரியில் ஓட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஓரிரவு மெயின் சுவிட்சை அணைத்துச் சோதிக்கும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட அலுவலரிடம் எழுத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அதற்கான பராமரிப்புத் தொகையும் மானிய ஆணையிலேயே இடம்பெற வேண்டும்.