நீதிபதி முத்துசாமி ஐயர்

சென்னை உயர்நீதி மன்றம் 1862-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மறு ஆண்டே கல்கத்தா உயர்நீதி மன்றத்தில் சம்புநாத பண்டிதர் என்னும் இந்தியர் நீதிபதியானார். சென்னைக்கோ அந்தப் பேறு கிட்ட மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அப்பீடத்தில் முதன்முதலாக அமர்ந்த இந்தியர் திருவாரூர் முத்துசாமி ஐயர்.

அவர் 1832-இல் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே கிராமக் கணக்கருக்கு உதவியாளாய் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். தெருவிளக்கின் ஒளியில் அவர் படித்தார் என்று பலரும் கூறுவர். பெரியோர் பலருடைய வரலாற்றிலும் இந்த விளக்கு எரிவதுண்டு! அதனினும் அந்த ஒரு ரூபாய் வேலையே சிறப்புடையது என்பது என் கருத்து. நிலம் எவருடையது, வரி எவ்வளவு, எவர் பங்கு எது என்பவற்றைச் சட்டநூல்களில் காணுமுன் அவர் கிராமக் கணக்கில் கண்டார்.

தாசில்தார் முத்துசாமி நாயக்கர் சிறுவனின் கூர்மதியை வியந்து, சென்னைக்கு அனுப்பிக் கற்பித்தார். 1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியொன்றில் ஐந்நூறு ரூபாய்ப் பரிசு கிடைத்தது. பின்னர் மாவட்ட முன்சீப், சென்னைப் போலீஸ் மாஜிஸ்திரேட் எனப் பதவிகள் தொடர்ந்தன. மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, இந்தியர் ஒருவரைத் தாக்கியதாகக் குற்றஞ் சாட்டப்பெற்ற ஆங்கிலேய உயர்நீதி மன்ற நீதிபதியையே விசாரணைக்கு அழைத்தார் என்பர்.

இத்தகையவரை உயர்நீதி மன்றத்துக்கு நியமித்தபோது, சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் சீறி எழுந்தன. இந்தியர் எவரும் அவ்விடத்துக்குத் தகுதியற்றவர் என்பதே அவற்றின் வாதம். மறுமொழி கூற நம்மவர் கையில் வலிமையுள்ள ஏடு இல்லை. திருவல்லிக்கேணி இளைஞர் அறுவர், அவருள் நால்வர் சட்ட மாணவர், ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ஆம் நாள் எண்பது பிரதிகள் அச்சிட்டனர். அதுவே 'இந்து' பத்திரிகையின் முதல் இதழ்.

நீதிபதியோ பத்திரிகைப் பூசலில் தலையிடவில்லை, தீர்ப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். 1891-இல் அமைந்த மலையாள நாட்டுத் திருமண விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாய் எழுந்த சட்டம் 1896-இல் வந்தது. அவர் 1895-இலேயே காலமானார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1893-இல், சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அவர் அமர்ந்திருந்தார்.