காதில் ஒரு வெட்டு

மிளகுக்கு 6 மாதம் முடிந்த வாரத்தில் கால்நடை மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் மிளகு, இனம் லாப்ரடார், நிறம் கறுப்பு, பால் பெண். அதற்குக் கீழே கருத்தடை அறுவைக்கான கட்டம். அதில் 'ஆம்' என்று முன்பே குறியிட்டிருந்தது. நான் செய்ய வேண்டியது கையெழுத்து ஒன்றுதான். மெல்பர்னில் நாய் வளர்க்கும் நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். அந்தக் கையெழுத்தைப் போட்டதே அவர்களுக்கு நினைவில்லை.

நான் கணினித் துறையில் ஆலோசகன். பழைய மென்பொருள் ஒன்றைத் திறக்கும்போது முன்கூட்டியே நிரப்பிவைத்த ஒரு மதிப்பு கண்ணில் பட்டால், அதைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: இதை யார், எந்தச் சிக்கலைத் தீர்க்க வைத்தார்கள்? பெரும்பாலும் வைத்தவர் ஓய்வு பெற்றிருப்பார், சிக்கலும் மறைந்திருக்கும், மதிப்பு மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் ஒரு வாரம் யோசித்துவிட்டு வருகிறேன் என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். அந்த ஒரு வாரம் 8 மாதம் ஆயிற்று.

வீட்டில் அப்போது அம்மா இருந்தாள், ஊரிலிருந்து 6 மாத விசாவில். விஷயத்தைச் சொன்னதும், "நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடா?" என்று சிரித்தாள். பிறகு, "ஒரு ஈத்தாவது போடட்டும்டா. அதுக்கப்புறம் செய்" என்றாள். என் மகள் உடனே பாட்டியின் கட்சியில் சேர்ந்துகொண்டாள். அவளுக்குக் குட்டிகள் வேண்டும்.

அம்மா சொன்ன 'குடும்பக் கட்டுப்பாடு' வெறும் வேடிக்கை இல்லை. காளைக்குச் செய்வதற்கு நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. எங்கள் பக்கம் காயடித்தல். இங்குள்ள யாழ்ப்பாண நண்பர் நலமடித்தல் என்பார். கிட்டி போட்டு நசுக்குவதை நான் சிறுவயதில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அந்தக் காளையின் குரலைக் கிட்டத்தில் கேட்டிருக்கிறேன். பெண் விலங்குக்கு அப்படி ஒரு சொல்லை எங்கள் ஊரில் கேட்டதில்லை. இத்தனைக்கும் பெண் விலங்கின் சூலகத்தை அறுத்தெடுப்பது புதிய வித்தை அல்ல. பெண் பன்றிகளுக்கும் பெண் ஒட்டகங்களுக்கும் அதைச் செய்வதை அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அவையெல்லாம் உழவுக்கு, இறைச்சிக்கு, போருக்கு. தெருநாய்க்கு அதைச் செய்யலாம் என்று தோன்றுவதற்கு வேறு ஒரு காலம் வரவேண்டியிருந்தது. தமிழ்ப் பேச்சில் அதற்கு மனிதர்களிடமிருந்தே பெயரும் கிடைத்தது.

அந்தக் காலத்தின் ஓரத்தில் நானும் இருந்தேன். வட ஆர்க்காட்டில் ஒரு சிறு நகரம், 1980களின் இறுதி. எங்கள் தெருவில் வெள்ளச்சி என்று ஒரு நாய். யாருடையதும் அல்ல, ஆனால் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் குட்டி போடும். ஒரு நாள் விடியற்காலையில் நாய் வண்டி வந்தது. கம்பிச் சுருக்கோடு இரண்டு பேர் இறங்கினார்கள். குட்டிகள் இருக்கும் நாய் ஓடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வண்டி போன பிறகு படிக்கட்டுக்குக் கீழே கண் திறக்காத 6 குட்டிகள். அம்மா பஞ்சைப் பாலில் தோய்த்துத் தோய்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டு பிழைத்தன. வெள்ளச்சியைக் கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பெனி ஆட்சிக் காலத்திலிருந்து இந்திய நகரங்களில் நாய்ப் பெருக்கத்துக்கு இருந்த ஒரே பதில் அது. 1832 ஜூனில் பம்பாயில் நாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துப் பார்சிகள் தெருவில் இறங்கினார்கள், கடைகளை அடைத்தார்கள். அவர்களுக்கு நாய் புனிதமானது. அன்று படை வரவேண்டியதாயிற்று. சென்னை மாநகராட்சி 1860 முதல் நாய்களைக் கொன்றுவந்ததாக ப்ளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய்கள் குறையவில்லை, கொல்லப்படும் எண்ணிக்கைதான் கூடிற்று. 1970களில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் டையும் பர்ஸும் செய்து பார்க்கும் அளவுக்கு அந்த எண்ணிக்கை இருந்தது என்பதும் அவர் பதிந்திருக்கும் செய்தி. படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ப்ளூ கிராஸ் 1959இல் தியாகராய நகரில் தொடங்கியது. விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்துவந்ததிலிருந்து வளர்ந்த அமைப்பு. சின்னி கிருஷ்ணா அவர்களுடைய மகன். 1964இல் அவர்கள் மாநகராட்சியிடம் ஒரு யோசனை சொன்னார்கள்: கொல்வதை விடுங்கள், பிடித்துக் கருத்தடை செய்து அதே தெருவில் விடுங்கள். மாநகராட்சி ஏற்கவில்லை. அவர்களே சிறிய அளவில் செய்யத் தொடங்கினார்கள். 'விலங்குப் பிறப்புக் கட்டுப்பாடு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை வைத்து, முதலெழுத்துகளால் ஏபிசி என்றார்கள். அகரவரிசை போல எளியது என்று காட்டத்தான் அந்தப் பெயர்.

அந்த ஆண்டையும் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுவை செய்துகொள்ளும் மனிதர்களுக்கு அரசு பணம் தரும் திட்டம் சென்னை மாநிலத்தில் 1956இலேயே வந்துவிட்டது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசுவாமி அதன் முக்கியக் குரல். எண்ணிக்கையைக் கத்தியால் குறைக்கலாம் என்ற எண்ணம் அந்த நகரத்தின் காற்றில் இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அம்மாவின் வாயில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

யோசனை சொன்னதற்கும் ஏற்றுக்கொண்டதற்கும் நடுவே 32 ஆண்டுகள். 1990இல் உலக சுகாதார நிறுவனம் நாய்ப் பெருக்கம் பற்றி வழிகாட்டி நூல் வெளியிட்டது. கொல்வதால் நாய்கள் குறைந்ததற்கோ ரேபிஸ் குறைந்ததற்கோ சான்றில்லை என்று அதன் வல்லுநர் குழு 1992இல் சொன்னது. 1996இல் சென்னை மாநகராட்சி கொல்வதை நிறுத்திக் கருத்தடைக்கு வந்தது. 2001இல் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று. நான் பொறியியல் படிக்கச் சென்னைக்கு வந்தது அந்த மாற்றத்துக்குச் சற்றுப் பின்னால். கிண்டியில் ஒரு டீக்கடை வாசலில் காது மடலில் சிறு முக்கோணம் வெட்டப்பட்ட நாயை முதல்முறை பார்த்து, யாரோ கொடுமை செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர்தான் சொன்னார்: "ஆபரேஷன் ஆன நாய் சார். இத இனிமே புடிக்க மாட்டாங்க." அந்த வெட்டுதான் அதன் உயிருக்குச் சீட்டு என்று விளங்க எனக்குச் சில நிமிடம் ஆயிற்று.

முறை பலித்ததா என்றால், முழுதாகச் செய்த இடங்களில் பலித்தது. ஜெய்ப்பூரில் 1994 முதல் செய்த பணி பற்றி 2006இல் ஓர் ஆய்வு வந்தது. திட்டம் நடந்த பகுதியில் பெண் நாய்களில் சுமார் 65 சதவீதத்துக்கு அறுவையும் தடுப்பூசியும் ஆனபின், நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. அரைகுறையாகச் செய்த நகரங்களில் சண்டை ஓயவில்லை. 2025 ஆகஸ்டில் டெல்லியின் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம் அதே மாதத்திலேயே அதைத் திருத்திக் கருத்தடை, தடுப்பூசி, மீண்டும் தெரு என்று சொன்னது. அம்மா அந்தச் செய்தியை வாட்ஸப்பில் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்திரேலியாவில் கதையின் மேற்பூச்சு வேறு, உள்ளே கிட்டத்தட்ட அதேதான். மெல்பர்னில் தொலைந்த நாய்களுக்கான இல்லம் 1910இல் ஏற்பட்டது. இன்றும் விக்டோரியாவில் பிடிபடும் நாயை 8 நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் உரியவர் வராவிட்டால் வேறு வீடு கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் ஊசி. 1970களிலிருந்து மேலை நாடுகளில் இந்த ஊசிகளின் எண்ணிக்கைதான் கருத்தடையை இயக்கமாக மாற்றியது. லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி 1971இல் குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனை ஒன்றைத் திறந்தது. சட்டங்கள் பின்னால் வந்தன. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலை 1க்குப் பின் பிறந்த நாய்க்கு 6 மாதத்துக்குள் செய்தாக வேண்டும், விலக்குகள் சில உண்டு. எங்கள் கவுன்சிலில் கட்டாயம் இல்லை. செய்யாத நாய்க்கு ஆண்டுக் கட்டணம் மூன்று மடங்கு, அவ்வளவே.

என் படிவத்தில் இருந்த 'ஆம்' யார் வைத்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது. அது கொலைக்களத்தின் வாசலில் நின்று யோசித்தவர்கள் வைத்தது. அவர்கள் கணக்கில் நாய் என்பது ஆயிரக்கணக்கில். ஆனால் மருத்துவமனை என்னிடம் சொன்ன காரணம் அதுவல்ல. "அவளுடைய ஆரோக்கியத்துக்கு நல்லது" என்றார்கள். இது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட காரணம் என்பதால் இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது.

1969இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் பருவத்துக்கு முன் அறுவை செய்தால் பால்சுரப்பிக் கட்டி வரும் ஆபத்து, செய்யாத நாயினுடையதில் 0.5 சதவீதமாகக் குறையும். ஒரு பருவம் கழிந்தபின் செய்தால் 8, இரண்டுக்குப் பின் 26. அரை நூற்றாண்டாக இந்த மூன்று எண்கள் சுவரொட்டிகளில் வாழ்கின்றன. 2012இல் பிரிட்டனில் இது சார்ந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்து அலசியவர்கள் சான்று பலவீனமானது என்று எழுதினார்கள். மறுபுறம், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013 முதல் இனவாரியாக வந்த ஆய்வுகள். 6 மாதத்துக்கு முன் கருத்தடை செய்த லாப்ரடார்களில் மூட்டுக் கோளாறு ஏறத்தாழ இரட்டிப்பு. எலும்பு வளர்ந்து முடியும்வரை அந்த ஹார்மோன்கள் தேவைப்படுகின்றன. சிறிய இன நாய்களில் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஆக, 6 மாதம் என்ற எண் நாயின் எலும்பைப் பார்த்து வைத்ததல்ல, முதல் ஈத்தைத் தடுப்பதற்கு வைத்தது.

அப்படியானால் செய்யாமலே விட்டுவிடலாமே என்ற எண்ணத்துக்கு நான் ஏறக்குறைய வந்துவிட்டேன். என்னைத் தடுத்தது ஸ்வீடன். அங்கே நாய்களுக்குக் காரணமின்றி அறுவை செய்யும் வழக்கம் நெடுநாள் இல்லை. தெருவில் நாய் இல்லாத நாடு, கயிற்றில்லாமல் நாய் சுற்றாத நாடு, அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. கருத்தடை செய்யாத நாய்க்கு வயதானால் என்ன ஆகும் என்பதை உலகம் அறிந்துகொண்டது பெரிதும் அவர்களுடைய நாய்க் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்துதான். அந்தப் பதிவுகளின்படி 10 வயதுக்குள் பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் கருப்பையில் சீழ் கட்டுகிறது. கவனிக்காவிட்டால் சாவு. கவனித்தாலும் அன்று செய்ய வேண்டியது இதே அறுவை, நோயுற்ற கிழ உடம்பில்.

அன்றிரவு சமையலறை மேசையில் இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். மூட்டு, ஹார்மோன், ஸ்வீடன் எதையும் அவள் பொருட்படுத்தவில்லை. மகள்தான் பாட்டியிடம் கேட்டாள், "லாப்ரடார் எத்தனை குட்டி போடும் பாட்டி?" ஏழு, எட்டு இருக்கும் என்றேன் நான். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எட்டுக் குட்டின்னா எட்டு வீடு வேணுமே" என்றாள். பிறகு, "அப்ப எனக்கு ரெண்டைத்தான் காப்பாத்த முடிஞ்சது."

வெள்ளச்சியைப் பற்றி அவள் பேசி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். மகளுக்கு அன்றுதான் அந்தக் கதை தெரியும். அதன் பிறகு வீட்டில் யாரும் ஈத்து என்ற பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வயது தாண்டட்டும் என்று முடிவு செய்தோம். முதல் பருவம் பத்தாவது மாதத்தில் வந்தது. மூன்று வாரம் மிளகுக்குக் காற்சட்டை, வேலிக்கு அடியில் செங்கல் வரிசை, நடைக்கு இரவு 11 மணி. பின்தெரு வீட்டு ஆண் நாய் ஒன்று எங்கள் வேலியோரம் அழுத அழுகையை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். ஏப்ரல் 10க்குள் மூன்று மடங்குக் கட்டணத்தைக் கட்டினேன். பதினான்காம் மாதத்தில் அதே படிவம், அதே 'ஆம்'. கையெழுத்துப் போட்டேன். அறுவைக்கு முன் மயக்க ஊசி போட்டபோது என் கையை நக்கிக்கொண்டே தலையைச் சாய்த்தாள். சரியான முடிவு என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா இரண்டாம் முறை வந்திருந்தது நல்லதாயிற்று. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு சுவரெல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தவளுக்குத் தயிர்சோற்றை ஊட்டியது அவள்தான். பத்தாம் நாள் தையல் பிரித்து, கூம்பைக் கழற்றி அழைத்துவந்தோம். அம்மா தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு காதுகளைத் துடைத்துவிட்டாள். இடது காது மடலைத் திருப்பியவள் என்னைக் கூப்பிட்டாள். உட்புறத்தில் பச்சை மையில் ஒரு சின்ன வட்டம், குறுக்கே ஒரு கோடு. அறுவை ஆன நாய்களுக்கு இங்கே போடும் அடையாளம்.

"இங்கயும் காதுலதான் வெக்கறாங்களா?"

"ஆமாம்மா."

"வெட்டாம எழுதியிருக்காங்க" என்றாள். மடலை மெதுவாக மூடிவிட்டு அடுத்த காதைத் துடைக்கத் தொடங்கினாள்.