செக்ரோலில் ஒரு பேர்

தோட்டத்துச் சரித்திரம் தேடப் புறப்படுகிறவன் முதலில் புரட்டுவது பெர்கூசனின் பழைய டிரக்டரியைத்தான். அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைத் தோட்டங்கள் அதில் வரிசையாக உண்டு. உடைமையாளர் யார், துரை யார், எத்தனை ஏக்கர் என்பதும் உண்டு. 1869இல் கண்ட இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய கதையை அந்த ஏக்கர்க் கணக்கிலேயே படிக்கலாம். லயத்தில் இருந்தவர்களைத்தான் காணோம்.

அவர்கள் இருப்பது செக்ரோலில். தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. கூலி கொடுக்க எழுதிய ஏடு அது. பரம்பரை சொல்ல எழுதியதல்ல.

ஆனால் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்ததும், அத்தகைய ஏடுகளே பிரஜாவுரிமைக்குச் சாட்சியாக வேண்டியிருந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகள், மற்றவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஓர் ஏட்டில் இராமசாமி, இன்னொன்றில் ராமன் என்றிருந்தால் என்ன செய்வது? சாவு வீட்டுக்கென்று ‘ஊருக்கு’ப் போய்த் தங்கிவிட்டவன் என்ன சொல்வான்? ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எஞ்சியவர்களில் இந்தியா செல்லாதவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல்கூட ஒரு சட்டம் தேவைப்பட்டது.

என் பாட்டனாரும் கிடைக்காதவர்களில் ஒருவர். பழைய செக்ரோல் ஒன்றில் அவரைக் கண்டுபிடித்தேன். தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. அந்த மாதம் அவருக்கு இருபத்திரண்டு பேர், மூன்று அரைப்பேர்.